நிபந்தனை எதிர்பார்ப்பைக் கணக்கிட எந்த வழியில் இறங்குவது? கிருஷ்ணகிரி மாங்காய் லாரிகளை வைத்து ஓர் ஒப்பீடு

மாங்காய்ப் பருவம் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கூழ் ஆலைகளின் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பெரும்பாலும் தோத்தாபுரி, நம் பக்கத்தில் பெங்களூரா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆலைக் கணக்காளர் முன்னால் வந்து விழும் கேள்விகள் பலவும் ஒரே சாயலில் இருக்கும். பெங்களூரா ஏற்றிய லாரிகள் இத்தனை என்று சீட்டு வந்துவிட்டது. எல்லா ரகமும் சேர்த்து எத்தனை லாரி வந்திருக்கும்? பத்து லாரிகளின் மொத்த எடை தெரியும். முதல் லாரியில் எவ்வளவு இருந்திருக்கும்? ஒன்று தெரிந்துவிட்ட நிலையில் மற்றொன்றின் சராசரியைக் கேட்பதுதான் நிபந்தனை எதிர்பார்ப்பு.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கல்லூரியில் கணிதமோ புள்ளியியலோ படித்த பிள்ளைகளிடம் இதைக் கேட்டால், எல்லோரும் ஒரே பாதையில்தான் ஓடுவார்கள். கூட்டு அடர்த்திச் சார்பை (இரண்டு மாறிகளும் சேர்ந்து எந்த மதிப்புகளில் எவ்வளவு செறிவாக வரும் என்று சொல்லும் சூத்திரம்) எழுது, ஒரு மாறிக்கு மட்டும் உரிய விளிம்பு அடர்த்தியைத் தொகையிட்டு எடு, ஒன்றை மற்றொன்றால் வகு, மறுபடியும் தொகையிடு. பத்து மதிப்பெண் கேள்விக்கு இது பாந்தமாக இருக்கும். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வின் கணிதப் புள்ளியியல் தாளில் 3 மணி நேரத்தில் 60 கேள்விகள். ஒன்றுக்கு 3 நிமிடம். அங்கே இந்தப் பாதை பாதி வழியிலேயே நேரத்தைத் தின்றுவிடும்.

மாற்று வழிகள் நான்கு உண்டு: சமச்சீர், அடுக்கு எதிர்பார்ப்பு, நேர்கோட்டு மதிப்பீடு, கணினியில் உருவகப்படுத்திப் பார்ப்பது. எதை எடுப்பது என்பதை, கொடுத்திருக்கும் சார்பு எவ்வளவு கடினம் என்று பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி. நிபந்தனையாக எதைத் தெரிவித்திருக்கிறார்கள், அது தெரிந்ததால் எது மாறுகிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கீழே வரும் எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த ஆலையின் பேரேட்டிலிருந்தும் எடுத்தவை இல்லை.

வரையறை வழி

இதைக் குறை சொல்வதற்கு முன் இதன் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். கையில் கூட்டு அடர்த்தியின் சூத்திரத்தைத் தவிர வேறு எந்தத் தகவலும் இல்லையென்றால் இதை விட்டால் கதியில்லை. க, ப இரண்டும் 0 முதல் 1 வரை மதிப்பு பெறுகின்றன, கூட்டு அடர்த்தி க + ப என்று வைத்துக்கொள்வோம். ப-ஐ 0 முதல் 1 வரை தொகையிட்டால் க-வின் விளிம்பு அடர்த்தி க + 1/2. ப × (க + ப) என்பதைத் தொகையிட்டால் க/2 + 1/3. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், க தெரிந்த நிலையில் ப-வின் சராசரி கிடைக்கும். அதை எ(ப | க) என்று எழுதுவோம்:

எ(ப | க) = (3க + 2) / (6க + 3).

க = 0 எனில் 2/3; க = 1 எனில் 5/9. க கூடக் கூட ப-வின் சராசரி மெல்லக் குறைகிறது. இந்தக் கணக்கில் சமச்சீரும் உதவாது, அடுக்கும் உதவாது. நேராகத் தொகையிட்டதே சரி.

அதே வழியை எல்லா இடத்திலும் கொண்டுபோய் நுழைக்கும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. பாலக்கோடு சந்தைக்கு ஒரு விவசாயி கொண்டுவந்த தக்காளி க டன், அதில் விற்றது ப டன். விற்றது வந்ததைத் தாண்டாது. 0 < ப < க < 1 என்ற முக்கோணத்துக்குள் அடர்த்தி எங்கும் 2. இதற்குத் தொகையிடலே வேண்டாம். அடர்த்தி எங்கும் ஒன்றாக இருக்கிறது. க-வைப் பிடித்துவிட்டால் மிஞ்சுவது 0 முதல் க வரை ஒரு கோட்டுத் துண்டு. அதன் நடுப்புள்ளி க/2. மறுபக்கம் ப தெரிந்து க-வைக் கேட்டால் துண்டு ப முதல் 1 வரை; விடை (1 + ப)/2. படம் வரைந்தால் அரை நிமிடம். படம் வரையாமல் எல்லைகளை 0, 1 என்றே போட்டுத் தொகையிட்டு, எல்லா க-வுக்கும் 1/2 என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. வரையறை வழியில் விழும் அடிகளில் பெரும்பங்கு எல்லையில்தான் விழுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். க = 0.4 என்று எண்ணைப் போட்டால் எ(ப | க) ஓர் எண், 0.2. க-வை அப்படியே விட்டால் க/2 என்பது தானே ஒரு சமவாய்ப்பு மாறி. அதற்கும் சராசரி உண்டு, பரவற்படி (சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு, திட்ட விலக்கத்தின் வர்க்கம்) உண்டு. அடுக்கு வழி முழுவதும் இந்த ஒன்றின் மேல் நிற்கிறது.

சமச்சீர்

பத்து லாரிகள் எடை மேடையில் ஏறி இறங்கிவிட்டன. தனித்தனிச் சீட்டு தொலைந்துவிட்டது. மொத்தம் 92 டன் என்பது மட்டும் தெரியும். முதல் லாரியின் எடை சராசரியாக எவ்வளவு? லாரிகளின் எடைகள் ஒன்றையொன்று சாராமல், ஒரே பரவலில் வந்தவை எனில் விடை 9.2. அந்தப் பரவல் மணி வடிவ இயல்நிலையா, அடுக்குக்குறியா, வேறு எதுவா என்று கேட்கவே தேவையில்லை. பத்து லாரிகளுக்கும் மொத்தத்தில் சம உரிமை. பத்து நிபந்தனை எதிர்பார்ப்புகளையும் கூட்டினால் 92 வந்தாக வேண்டும், பத்தும் சமம், ஆக 9.2. வரையறை வழியில் போயிருந்தால் பத்து மாறிகளின் கூட்டுத்தொகைக்குப் பரவல் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பரவலின் பெயரே கொடுக்காத கேள்வியில் அது நடக்காத காரியம்.

சமச்சீரின் உண்மையான பலம் இன்னொரு இடத்தில் தெரியும். இரண்டு லாரிகள், இரண்டின் சுமையும் 0 முதல் 12 டன் வரை சீரான பரவல். இரண்டில் பெரிய சுமை 8 டன் என்று சொல்லிவிட்டார்கள். முதல் லாரியின் சராசரிச் சுமை என்ன? வழக்கமான மாணவர் முதல் லாரிக்கும் பெரிய சுமைக்கும் கூட்டு அடர்த்தி எழுத உட்காருவார். அப்படி ஒரு கூட்டு அடர்த்தியே கிடையாது. இரண்டில் ஒரு பங்கு வாய்ப்போடு முதல் லாரியே பெரிய லாரி. அப்போது இரண்டு மாறிகளும் ஒரே மதிப்பு. நிகழ்தகவில் பாதி ஒரு மூலைவிட்டக் கோட்டின் மேல் குவிந்து கிடக்கிறது. பரப்பில்லாத கோட்டின் மேல் குவிந்ததற்கு அடர்த்திச் சார்பு எழுத முடியாது. சமச்சீர் வழியில் பாருங்கள்: பாதி வாய்ப்பில் முதல் லாரி 8 டன், மீதிப் பாதியில் 0 முதல் 8 வரை சீராகப் பரவியது, சராசரி 4. விடை 6 டன். முடிந்தது.

எச்சரிக்கையும் உண்டு. எந்த இரண்டு லாரிகளை இடம் மாற்றினாலும் கூட்டுப் பரவல் மாறக்கூடாது. அதிகாலையில் முதலில் வருவது எப்போதும் பக்கத்து ஊர் உள்ளூர் வியாபாரியின் சின்ன வண்டி என்றால் 9.2 என்ற விடை செல்லாது. கேள்வித்தாளில் இந்த உரிமையைத் தந்துவிடுகிறார்கள். ஆலை வாசலில் அதை நாமே சரிபார்க்க வேண்டும்.

அடுக்கு எதிர்பார்ப்பு

என் கைக்கு முதலில் வருவது இதுதான், பாரபட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எ(ப) = எ(எ(ப | க)). ஒரே தாவலில் எட்டாததை இரண்டு படியாக ஏறுவது.

ஒரு நாளில் வரும் லாரிகளின் எண்ணிக்கை சராசரி 40 உள்ள பாய்சான் பரவல் (தற்செயலாக, ஒன்றையொன்று சாராமல் வருபவற்றை எண்ணும்போது பயன்படுவது). ஒவ்வொரு லாரியிலும் சராசரி 9 டன், திட்ட விலக்கம் 2 டன். எண்ணிக்கை தெரிந்தால் மொத்த எடையின் சராசரி 9 × எண்ணிக்கை. அதன் சராசரி 360 டன். இது வாய்க்கணக்காகவே வந்துவிடும். பரவற்படியில்தான் ஆட்கள் வழுக்குவார்கள். மொத்தப் பரவற்படிக்கு இரண்டு பகுதிகள்: நிபந்தனைப் பரவற்படியின் சராசரி 40 × 4 = 160; நிபந்தனைச் சராசரியின் பரவற்படி 81 × 40 = 3240. ஆக 3400, திட்ட விலக்கம் சுமார் 58 டன். இரண்டாவது பகுதியை விட்டுவிட்டால் சுமார் 12.6 டன் என்று வரும். எத்தனை கூலியாட்களை வரச்சொல்வது என்று அந்த எண்ணை நம்பி முடிவெடுத்தால், ஒரு நாள் ஆட்கள் சும்மா நிற்பார்கள், மறுநாள் காய் வெயிலில் நிற்கும்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்வி. ஒவ்வொரு லாரியும் மற்றவற்றைச் சாராமல் 0.7 நிகழ்தகவில் பெங்களூரா. இன்று பெங்களூரா லாரிகள் 25. மொத்தம் எத்தனை? பலரும் 25-ஐ 0.7-ஆல் வகுத்து 35.7 என்பார்கள். வரையறைப்படி போனால் முடிவிலித் தொடர் ஒன்றைக் கூட்ட வேண்டும். பாய்சானின் ஒரு குணம் தெரிந்தால் இரண்டுமே வேண்டாம்: பாய்சான் எண்ணிக்கையை இப்படி ரகம் பிரித்தால், பிரிந்த இரண்டு எண்ணிக்கைகளும் ஒன்றையொன்று சாராத பாய்சான்கள். மற்ற ரக லாரிகளின் சராசரி 0.3 × 40 = 12; பெங்களூரா எத்தனை வந்தது என்ற செய்தி அந்த 12-ஐத் தொடவே தொடாது. விடை 25 + 12 = 37. பெங்களூரா 40 வந்திருந்தால் 52.

நம்ப முடியவில்லை என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் கை தூக்குவார். தூக்குவதும் நியாயமே; உண்மையான ஆலை வாசலில் இது அப்படியே நிற்காது. காய் ஒரே நேரத்தில் பல தோட்டங்களில் முற்றினால் லாரிகள் சேர்ந்து வரும்; பெங்களூரா அதிகம் வந்த நாளில் மற்ற ரகமும் அதிகம் வந்திருக்கும். இதைக் கணக்கில் கொண்டுவர இன்னொரு படி சேர்த்தால் போதும். நாளுக்கு நாள் பாய்சானின் சராசரியே மாறுகிறது, அது காமா பரவலில் இருக்கிறது என்று வைக்கலாம்: வடிவ எண் 10, வீத எண் 0.25, ஆகவே சராசரி 40. பெங்களூரா 40 வந்த நாளில் அந்தச் சராசரியின் திருத்திய காமாவுக்கு வடிவம் 10 + 40 = 50, வீதம் 0.25 + 0.7 = 0.95, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சராசரி சுமார் 52.6. அதில் 0.3 பங்கு சுமார் 15.8. மொத்தம் 55.8 லாரி. அடுக்கு வழி இப்படித்தான் வளைந்து கொடுக்கும். மாதிரி மாறினால் ஒரு படியை மாற்றினால் போதும், முழுக் கணக்கையும் கலைக்க வேண்டியதில்லை.

நேர்கோடு

மூலத் தரவில் சராசரிகள், பரவற்படிகள், உடன்மாறுபாடு (இரண்டு மாறிகளும் சேர்ந்து ஏறி இறங்குவதன் அளவு) இவை மட்டும் இருந்து பரவல் தெரியாதபோது இது கைகொடுக்கும். 1886இல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு எழுதிய காலத்திலிருந்து தொடர்புப்போக்குக் கோடு, அதாவது ஒன்றிலிருந்து மற்றொன்றை மதிப்பிடும் நேர்கோடு, புழக்கத்தில் இருக்கிறது. க-வும் ப-வும் சேர்ந்து இருமாறி இயல்நிலைப் பரவலில் இருந்தால் அந்தக் கோடே நிபந்தனை எதிர்பார்ப்பு. துளியும் தோராயம் இல்லை. மற்ற இடங்களில் அது கோடுகளுக்குள் சிறந்தது, அவ்வளவே.

எவ்வளவு விலகும்? மேலே பார்த்த க + ப அடர்த்தியை எடுத்துக்கொள்வோம். இரண்டின் சராசரியும் 7/12, பரவற்படி 11/144, உடன்மாறுபாடு −1/144. கோட்டின் சாய்வு −1/11. க = 0 எனில் கோடு 0.636 என்கிறது, உண்மை 0.667. க = 1 எனில் கோடு 0.545, உண்மை 0.556. நடுவில், க = 7/12 இல், கோடு 0.583, உண்மை 0.577. இந்த வித்தியாசத்துக்காக நான் தூக்கம் கெடமாட்டேன். ஆனால் க பூஜ்யத்தைச் சுற்றி இருபுறமும் சமமாகப் பரவி, ப = க² என்றிருந்தால், க தெரிந்ததும் ப முழுவதுமாகத் தெரிந்துவிடும்; உடன்மாறுபாடோ பூஜ்யம்; கோடு ஒன்றும் தெரியாத மாதிரி படுத்திருக்கும்.

தென்பெண்ணையை நினைத்துப் பாருங்கள். நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் ஆறு முதலில் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நிற்கிறது. அப்புறம் கிருஷ்ணகிரி அணை. அதற்கும் கீழே சாத்தனூர். கெலவரப்பள்ளியில் இவ்வளவு திறந்தார்கள் என்றால் கிருஷ்ணகிரி அணைக்கு நீர்வரத்து எவ்வளவு என்று கேட்பது இதே கணக்குதான். ஆற்று நீர்வரத்து இயல்நிலைப் பரவலில் இருப்பதில்லை. பெரும்பாலான நாள் கொஞ்சம், சில நாள் வெள்ளம். ஆகவே மடக்கை எடுத்து அதன் மேல் கோடு போடுவது வழக்கம். போடலாம், திரும்பி வரும்போது தடுக்கும். மடக்கையின் நிபந்தனைச் சராசரி 6, நிபந்தனைப் பரவற்படி 0.5 என்று கோடு தந்தால், விடை இயல்மடக்கை 6-க்கு உரிய 403 இல்லை. அது நிபந்தனை இடைநிலை அளவு. எதிர்பார்ப்புக்குப் பரவற்படியில் பாதியைச் சேர்த்து 6.25 எடுக்க வேண்டும், அது 518. ஏறக்குறைய 28 சதவீதம் கூடுதல். வெள்ளம் வரும் ஆற்றில் 28 சதவீதத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது சின்ன விஷயமில்லை.

கணினி

தரவோ மாதிரியோ இருக்கிறது, சூத்திரம் வாய்க்கவில்லை என்றால் எண்களை உருட்டிவிட்டு, க வேண்டிய மதிப்புக்கு அருகில் வந்தவற்றை மட்டும் பொறுக்கி, ப-வின் சராசரியை எடுக்கலாம். எக்செல் தெரிந்த யாரும் செய்துவிடலாம். நானும் சொல்லித் தருகிறேன், விடையைச் சரிபார்க்க. முதல் வழியாக மட்டும் சொல்லித் தரமாட்டேன். நிபந்தனை அரிதாக நடப்பது எனில் லட்சம் எண்களை உருட்டினாலும் கையில் மிஞ்சுவது சில நூறு.

இதைவிட ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. க, ப இரண்டும் 0 முதல் 1 வரை சீரானவை, ஒன்றையொன்று சாராதவை. இரண்டும் சமம் என்று தெரிந்துவிட்டது. ப-வின் சராசரி என்ன? க − ப பூஜ்யத்துக்கு அருகில் இருப்பவற்றைப் பொறுக்கினால் 1/2 வரும். க ÷ ப ஒன்றுக்கு அருகில் இருப்பவற்றைப் பொறுக்கினால் 2/3 வரும். கணினியில் பிழை இல்லை. வித்தியாசத்தை வைத்துப் பொறுக்கும்போது மூலைவிட்டத்தைச் சுற்றி ஒரே அகலப் பட்டை விழுகிறது. விகிதத்தை வைத்துப் பொறுக்கும்போது மூலையில் குறுகி மேலே போகப் போக விரியும் ஆப்பு விழுகிறது. ஆப்பில் பெரிய மதிப்புகளுக்கு இடம் அதிகம். சமம் என்ற நிகழ்வின் நிகழ்தகவே பூஜ்யம் என்பதால், அதை எந்த மாறியின் வழியாகத் தெரிந்துகொண்டோம் என்று சொல்லாதவரை கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. பிரெஞ்சுக் கணிதர் போரெல் கோள்மேற்பரப்பை வைத்து எழுப்பிய முரண்புதிரும் இதே வகை. 1933இல் நிகழ்தகவுக்கு அடித்தளம் போட்ட ரஷ்யக் கணிதர் கோல்மோகோரோவ், நிகழ்தகவு பூஜ்யமான ஒற்றை நிகழ்வை நிபந்தனையாக வைப்பதற்குப் பொருளில்லை என்றே அதற்கு விளக்கம் தந்தார். வரையறை வழியில் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் மாறியைச் சூத்திரத்திலேயே எழுதிவிடுவதால் பள்ளம் கண்ணில் படுவதில்லை.

உருவகப்படுத்தலைக் கையில் எடுத்தே தீர வேண்டும் என்றால் அடுக்கு வழியோடு சேர்த்து எடுங்கள். எ(ப)-ஐ மதிப்பிட ப-வை உருட்டிச் சராசரி எடுப்பதைவிட, க-வை மட்டும் உருட்டி, கையால் கண்டுபிடித்த எ(ப | க)-வின் சராசரியை எடுத்தால் பரவற்படி கூடாது, பெரும்பாலும் குறையும். 1945இல் புள்ளியியலாளர் சி. ஆர். ராவும் 1947இல் டேவிட் பிளாக்வெல்லும் மதிப்பீட்டுக் கோட்பாட்டில் நிறுவிய தேற்றத்தின் கரு இது. 360 டன் கணக்கில், லாரி எண்ணிக்கையை மட்டும் உருட்டி 9-ஆல் பெருக்கினால் 3400-இல் 160 கழிந்து 3240 ஆகிறது. அங்கே லாபம் சொற்பம், ஏனென்றால் தள்ளாட்டம் முக்கால்வாசிக்கும் மேல் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. லாரி எண்ணிக்கை உறுதியாகி எடை மட்டும் தாறுமாறாக இருக்கும் ஆலையில் லாபம் பெரிதாக இருக்கும்.

நிபந்தனை ஒரு நிகழ்வாக வந்தால்

தேர்வில் கடைசி நிமிடத்தில் ஆளைக் கவிழ்ப்பது இது. பாலக்கோடு முக்கோணத்தையே எடுப்போம். வந்த தக்காளி அரை டன்னுக்கு மேல் என்று மட்டும் தெரியும். விற்றதன் சராசரி என்ன? க/2 கையில் இருக்கிறது, 0.5-க்கும் 1-க்கும் நடுவில் 0.75, அதில் பாதி 0.375 என்று எழுதத் தோன்றும். க-வின் விளிம்பு அடர்த்தி 2க. பெரிய மதிப்புகள் பக்கம் சாய்ந்தது. க > 0.5 என்ற நிபந்தனையில் க-வின் சராசரி 7/9. ஆகவே விடை 7/18, அதாவது 0.389. நடுப்புள்ளி வழி ப-வுக்குச் செல்லும், க-வுக்குச் செல்லாது. உள்ளே படத்தை வைத்து க/2, வெளியே வரையறையை வைத்து 7/9, நடுவில் அடுக்கு. மூன்று வழியும் ஒரே கேள்விக்குள் தேவைப்படுகிறது. தொகையிட வேண்டியிருந்தது ஒரே ஒரு மாறியில் மட்டும்.